கழுவக் கூடாத சட்டி

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல். கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர் "ஏனுங்க, ஊட்டுல யாருக்கு ஒடம்பு செரியில்லீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கும் பொருள் அது. நாக்கு செத்துக் கிடக்கும்போது பாலில் நனைத்து விழுங்குவது. அதற்கென்று ஒரு ருசி இருக்கலாம் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றவைக்க ஒரு பாய்மரப் படகும், மேட்டூர் அணையின் தண்ணீரும், என் ஆயுளில் நானாகக் கழுவிய முதல் சட்டியும் தேவைப்பட்டன.

முதலில் படகு. என் நண்பன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்தாலும் வாரத்தில் நான்கு நாள் அவன் பட்டறையில்தான் டீ குடிக்கிறேன். தொழிலும் அப்படி. விபத்தில் நசுங்கிய லாரிகளைப் பார்த்து, எவ்வளவு சேதம், டிரைவர் சொல்லும் கதையில் எவ்வளவு நிஜம் என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுப்பவன் நான். டயர் தேய்ந்த தடத்தைப் பார்த்தே "மாடு குறுக்க வரலீங்க, இவருதான் தூங்கிட்டாரு" என்று சொல்லிவிடுவேன். பொய்யைக் கண்டுபிடித்துச் சோறு தின்கிறவன். அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் அது எப்படிக் கவிழும் என்பதுதான் எனக்கு முதலில் தெரியும்.

நண்பன் நேர் எதிர். ஒருநாள் கைப்பேசியில் யாரோ கடலில் பாய் விரித்துப் போவதைப் பார்த்தான். ஆறே மாதத்தில் பட்டறையின் பின்புறம் ஒரு படகு நின்றது. உடம்பு பிளைவுட்டும் ஃபைபரும். பாய்மரம், போர்வெல் ரிக்கிலிருந்து கழித்துப் போட்ட இரும்புக் குழாய். பாய், லாரிச் சரக்கின் மேல் போர்த்தும் தார்ப்பாய். கைப்பழக்கம் விடவில்லை. முகப்பில் இரண்டு பெரிய கண், எலுமிச்சை மிளகாய், பக்கவாட்டில் தாமரைப்பூ, பின்னால் மஞ்சள் எழுத்தில் 'ஒலி எழுப்பவும்'.

"தண்ணிக்குள்ள யார்றா ஒலி எழுப்பிட்டு வருவாங்க?" என்று கேட்டேன்.

"முதலை வரும்ல மாப்ள. எழுப்பிட்டே வரட்டும்."

முதலையைப் பற்றி அதற்குமுன் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆவணி மாதம், அணை நிறைந்து கிடந்தது. கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டு, அணைப்பக்கத்திலிருந்து கிளம்பிக் காற்று விடும் தூரம்வரை மேலே போய்வருவது, நான்கு நாள் பயணம், என்று திட்டம். நாமக்கல் முட்டை ஒரு அட்டை, ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு டின், அரிசி பருப்பு, எனக்கு மிதவைச் சட்டை இரண்டு. இரண்டு எதற்கு என்றான். ஒன்று பழுதானால் என்றேன். அப்படியானால் மாற்றுச் சட்டையைப் பையில் வைக்கலாமே என்றான். வைக்கவில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விறைத்து நிற்க, கோயில் பொம்மை மாதிரி படகின் நடுவில் உட்கார்ந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில் எட்டிப் பார்த்தாலே கால் கூசும்.

"இந்தக் கயித்தப் புடி" என்றான். பிடித்தேன். எமன் கையில் இருப்பதும் கயிறுதான் என்பது அப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கரை விலகி, எஞ்சின் சத்தம் ஏதுமில்லாமல், தார்ப்பாய் ஒருமுறை படீரென்று புடைத்து, படகு தானாக நகர ஆரம்பித்தபோது நான் கத்துவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நாற்பது டன் லாரியை நகர்த்த என்னென்ன வேண்டும் என்று தெரிந்தவன் நான். இங்கே ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. நாலா பக்கமும் மலையடிவாரம்வரை தண்ணீர். பொதி மூடுகிற துணி எங்களை இழுத்துக்கொண்டு போனது.

இரண்டாம் நாள், சனிக்கிழமை, அந்தத் துணி கிழிந்தது. மலை இடுக்கிலிருந்து வந்த ஒரு காற்று தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்துப் போட்டது. நான் "அம்மா" என்று கத்தியது தருமபுரிவரை கேட்டிருக்கும் என்று நண்பன் இன்றும் சொல்கிறான். படகு தன்பாட்டுக்கு ஒதுங்கி ஒரு சரிவான கரையில் முட்டி நின்றது. நான் குதித்து இறங்கி, தரையை இரண்டு கையாலும் தொட்டேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

வறுத்த தானியமும் லேசான புளிப்பும் மரப்புகையும் கலந்த ஒரு சூடான வாசனை. பசி என்று அதைச் சொல்ல முடியாது. காலையில்தான் ஆளுக்கு நான்கு முட்டை தின்றிருந்தோம். என்னவென்று தெரியாமலே அதன் பின்னால் நடந்தேன், இரண்டு மிதவைச் சட்டையோடு.

கரைமேல் ஏழெட்டு வீடுகள். கடைசி வீட்டின் பக்கத்தில், மண் பூசிய ஓர் எண்ணெய் டிரம் படுக்கை வாட்டில் கிடந்தது. அதன் வாயிலிருந்து நீண்ட கரண்டியால் ஒரு பெண் ரொட்டிகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் டின்னை வெட்டி மடித்துச் செய்த அச்சுகள். கவிழ்த்துத் தட்டியதும் ஒவ்வொன்றும் பழுப்பாக, மேலே வெடித்து, உருண்டு வந்து சாக்கின்மேல் உட்கார்ந்தது. நாங்கள் நின்றதை அவள் கவனிக்கவில்லை. கவனித்ததும் என் சட்டைகளை ஒரு தரம் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, வெள்ளமேதும் வருதுங்களா?"

"பாய் கிழிஞ்சு போச்சும்மா" என்றான் நண்பன்.

"உக்காருங்க. எங்க ஊட்டுக்காரரு வலை பின்னுறவரு, தெச்சுக் குடுப்பாரு. மொதல்ல இதக் கேளுங்க" என்று சொல்லி ஒரு ரொட்டியை என் காதருகே பிடித்தாள்.

கேட்டேன். ரொட்டி பேசியது. ஆறும்போது மேல்தோல் விரிந்து, நுணுக்கமாகப் படபடவென்று, தூரத்தில் யாரோ சருகின்மேல் நடப்பது மாதிரி. ஐம்பத்திரண்டு வருடம் நான் தின்ற ரொட்டி எதுவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிய்த்து வாயில் போட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருடம் கணவனும் அவளுமாக பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை. மாவு அவள் பொறுப்பு, அடுப்பு அவன் பொறுப்பு. போன வருடம் ஊருக்கே வந்துவிட்டார்கள். மகள் இங்கே எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அதுவரை அந்தப் பெண் அத்தை வீட்டிலும் பெரியம்மா வீட்டிலுமாக வளர்ந்தவள். கணவன் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறான். மீன் சரியாகப் படுவதில்லை. பேக்கரி முதலாளி திரும்ப வரச் சொல்லி போன் செய்துகொண்டே இருக்கிறார். புதன்கிழமை பஸ். பிள்ளையை மறுபடி யார் வீட்டிலாவது விட வேண்டும்.

"ஒரே ஒரு வழி இருக்குதுங்ண்ணா" என்றாள். "பரிசல் தொறை டீக்கடக்காரரு, திங்கக்கெழம காலைல இருவது ரொட்டி கொண்டா, ஓடுதான்னு பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஓடிருச்சுன்னா தெனமும் வாங்கிக்குவாரு. நாங்க போவ வேண்டியதில்ல. ஓடலீன்னா புதங்கெழம போவேண்டியதுதான்."

திங்கட்கிழமை காலை இருபது ரொட்டி. ஒரு குடும்பம் ஊரில் இருப்பதும் போவதும் அதில் தொங்கியது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தும், அடுத்த நாள் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எனக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுத்தாள். நானாகத்தான் கேட்டேன். நண்பனும் அவள் கணவனும் கரையில் உட்கார்ந்து தார்ப்பாயைத் தைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணா, சப்பாத்திக்குப் பெசையற மாதிரி குத்தாதீங்க. வெரல்ல ஒண்ணுமில்ல. தோள்ல இருந்து தள்ளுங்க. தள்ளி, மடிச்சு, திருப்பி, தள்ளி."

"அவன் இதுவரைக்கும் சப்பாத்திக்கே பெசஞ்சதில்லீங்க" என்றான் நண்பன். "தட்டுல வந்து உழுந்தாத் திம்பான்."

கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. மாவு என் கையோடு ஒட்டி, முழங்கைக்கு ஏறி, மிதவைச் சட்டையின் வாரில் புகுந்தது. (ஆமாம், கரையிலும் போட்டிருந்தேன். அணை எப்போது நிரம்பி வழியும் என்று யாருக்குத் தெரியும்.) பிறகு ஒரு கட்டத்தில் அது திடீரென்று ஒட்டுவதை விட்டுவிட்டது. கைக்குள் வழவழவென்று, குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன மாற்றிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. "அவ்ளோதான், அது உங்களப் புரிஞ்சுகிச்சு" என்றாள்.

பொங்குவதற்கு ஈஸ்ட் பாக்கெட் எதையும் அவள் தொடுவதில்லை. ஒரு மண்சட்டி வைத்திருந்தாள். பெங்களூரிலிருந்து வரும்போது பழைய மாவில் ஓர் உருண்டையை டிபன் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். ஓசூர் தாண்டும்போது அது பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு முன் சீட்டுக்காரர் தோளில் ஏறிவிட்டதாம். அன்றிலிருந்து அந்தச் சட்டியில் அது உயிரோடு இருக்கிறது. தயிருக்கு உறை எப்படியோ அப்படி. உறை மாவு என்றே சொன்னாள். மாவை எடுத்த பிறகு சட்டியின் சுவரில் ஒட்டியிருப்பதுதான் விதை. சாயங்காலம் அதிலேயே புதுமாவும் தண்ணீரும் விட்டுக் கலக்கினால் மறுபடி எழுந்துவிடும். இதையெல்லாம் அவள் சொன்னாள். நான் தலையாட்டினேன். என் கையை மாவு புரிந்துகொண்ட பெருமையில் காது மூடிக்கிடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் கணவன் பரிசலை எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் வலை போடப் போனான். அவள் விறகு பொறுக்கக் கிளம்பினாள். போகும்போது என்னிடம், "அண்ணா, அந்தச் சட்டியக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள்.

பார்த்தேன். உள்ளே சுவரெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டி, அடியில் கொழகொழவென்று, மேலே குமிழி. முகர்ந்தால் புளிச்ச கள் வாசம். ஐயோ பாவம், நமக்குக் கற்றுக்கொடுத்த வேலையில் பாத்திரம் தேய்க்கக்கூட அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை என்று என் நெஞ்சு கரைந்தது. என் வீட்டில் நான் ஒரு டம்ளரைக் கூடக் கழுவியதில்லை என்பதற்கு என் மனைவி சாட்சி. அப்படிப்பட்டவன் அன்று கரைக்கு இறங்கினேன். சாம்பல், தேங்காய் நார், மூன்று தரம் தண்ணீர். பொருக்கை நகத்தால் சுரண்டினேன். பளபளவென்று கழுவி, வெயிலில் கவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், பாராட்டுக்காக.

அவள் விறகுக்கட்டை இறக்கினாள். சட்டியைப் பார்த்தாள். நிமிர்த்தினாள். உள்ளே விரலை விட்டுச் சுற்றி ஒரு தடவு தடவி, மூக்கருகே கொண்டுபோனாள்.

"கழுவிப் போட்டீங்களாண்ணா?"

"நல்லா" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. அப்படியே விறகின்மேல் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, யாரோ செத்த செய்தியைச் சொல்வது மாதிரி, நான் எதைக் கழுவினேன் என்று இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை காது திறந்திருந்தது. காலையில் பிசைந்த மாவு முழுக்க மத்தியானமே சுட்டுத் தின்றாகிவிட்டது. நான் மட்டும் மூன்று. விதை என்று அந்த வீட்டில் ஒரு துளி இல்லை.

என் பதற்றத்தின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில், கழுவிய தண்ணீரைத் திரும்ப அள்ள முடியுமா என்று அணைக்கு ஓடினேன். மேட்டூர் அணைக்கு. முழங்கால் ஆழத்தில் நின்று, இரண்டு கையாலும் துழாவினேன். அதுவரை கணுக்காலுக்கு மேல் இறங்காதவன். அடுத்து, என் சட்டை வாரில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டி நீட்டினேன். "அது செத்துப் போச்சுங்ண்ணா" என்றாள். அதற்கடுத்து மண்டியிட்டேன். அது எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

நண்பன் என்னைப் பார்க்கவே இல்லை. "வேற யார்கிட்டயாச்சும் குடுத்து வெச்சிருக்கியாம்மா?" என்று அவளிடம் கேட்டான்.

அவள் தலை நிமிர்ந்தது. அக்கரையில் அவளுடைய நாத்தனார் இருக்கிறாள். பொங்கலுக்குப் போனபோது ஓர் உருண்டை கொடுத்திருக்கிறாள். நாத்தனார் அதைப் பணியாரத்துக்குப் போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறாள். போனில் கூப்பிட்டாள். லைன் கிடைத்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"இருக்குது அண்ணி, நல்லாப் பொங்கிக் கெடக்குது" என்றது அந்தக் குரல். "ஆனா எங்கத்த சங்கதி தெரியுமில்ல? வெளக்கு வெச்சாச்சுன்னா ஒரு சொட்டு மோரு கூட ஊட்ட உட்டு வெளிய போவாது. உப்பு, தயிரு, உறை எதும் குடுக்க மாட்டாங்க. ஆறரைக்குள்ள வந்துருங்க."

இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சட்டம். விளக்கு வைத்த பிறகு வெண்மையான பொருள் படியிறங்கினால் கூடவே லட்சுமியும் இறங்கிவிடுவாள். என் அம்மா பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றாலும் மோர் கொடுக்க மாட்டார். மறுநாள் காலையில் வாங்கினால் மாவு எழ நேரமிருக்காது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பரிசலோ கணவனோடு கீழே போய்விட்டது. துறைப் படகு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியோடு சரி. சாலையில் போனால் அணையையே சுற்ற வேண்டும். கரையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கண்ணும் தாமரைப்பூவுமாக.

"ஏறு மாப்ள" என்றான் நண்பன்.

"நானுமா?"

"கழுவுனது நானா?"

மூன்று பேரும் ஏறினோம். தைத்த தார்ப்பாய் காற்றைப் பிடித்தது. பாதி தூரம் படகு ஓடிய ஓட்டத்தில் நான் இருபத்தேழு தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டேன். அதில் இரண்டு தெய்வம் எங்கள் குலத்துக்கே சம்பந்தமில்லாதவை. பிறகு, நடுத்தண்ணீரில், காற்று நின்றது.

குறைந்தது என்று சொல்ல முடியாது. நின்றது. தார்ப்பாய் துவண்டு, உலர்த்திய வேட்டி மாதிரி தொங்கியது. எலுமிச்சை மிளகாய்க் கயிறு கூட அசையவில்லை. சூரியன் மலைமேல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முழுக்க ஒரே தகடு, செம்புத் தகடு. அதன்மேல் ஒரு சுருக்கம் இல்லை. எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"இதுக்கு அடியில கோயிலு இருக்குதுங்ண்ணா" என்றாள் அவள், சாதாரணமாக. "தண்ணி வத்துனா நந்தி தலை தெரியும். எங்க தாத்தங்க இருந்த ஊரு. அணை கட்டயில மேட்டுக்கு வந்தாங்களாம்."

நான் குனிந்து பார்த்தேன். பச்சை இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கீழே தெருக்கள் இருந்தன, அடுப்படிகள் இருந்தன. முதன்முறையாகத் தண்ணீரைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. வந்தது வேறு ஏதோ. சத்தமாகப் பேசக்கூடாது என்று தோன்றியது. ஒரு முறை இடம்பெயர்ந்த குடும்பம் இது. இன்னொரு முறை பெயர்க்க நான் ஒரு தேங்காய் நாரோடு வந்திருக்கிறேன்.

"துடுப்பு" என்றான் நண்பன்.

துடுப்பு என்றால் லாரி பாடிக்கு வாங்கிய பலகையில் செதுக்கியது, இரண்டு. ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம். நான் தண்ணீரை அடித்தேன். தண்ணீர் என் முகத்தில் அடித்தது. படகு ஒரு வட்டம் போட்டது.

"அண்ணா! குத்தாதீங்க!" என்று அவள் கத்தினாள். "காலைல என்ன சொன்னேன்? தோள்ல இருந்து! தள்ளி, மடிச்சு, திருப்பி, தள்ளி!"

நண்பனிடமிருந்து துடுப்பைப் பிடுங்கி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடம் மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த தோள். அவள் தள்ளினால் படகு ஒரு முழம் எகிறியது. அவளைப் பார்த்து நானும் தள்ளினேன். தள்ளி, மடித்து, திருப்பி, தள்ளி. ஏதோ ஒரு கட்டத்தில், காலையில் மாவு ஒட்டாமல் போனதே, அதே மாதிரி தண்ணீரும் என்னோடு சண்டை போடுவதை விட்டுவிட்டது. மிதவைச் சட்டை இரண்டும் தோளைப் பிடித்தன. யோசிக்காமல் மேலே இருந்ததைக் கழற்றி எறிந்தேன். அடுத்ததையும். நான் என்ன செய்தேன் என்பது கரை சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

அக்கரையில் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வர ஆரம்பித்தது. "போச்சு" என்றேன்.

"அது பல்புங்ண்ணா. பல்பு கணக்குல வராது. வெளக்குத்தான் கணக்கு. தள்ளுங்க."

கரையில் முட்டியபோது என் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்தைந்து. மேட்டில் ஏறி ஓடினோம். நாத்தனார் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளே, மாடத்துக்கு முன்னால் அவளுடைய மாமியார். எண்ணெய் விட்டு, திரி போட்டு, எல்லாம் தயாராக இருந்த விளக்கு. எரியவில்லை. அந்த அம்மாள் கையில் தீப்பெட்டி.

எங்களைத் தாண்டி, கரையில் நின்ற படகைப் பார்த்தார். "என்ன சாமி இது, லாரியத் தண்ணியில உட்டுட்டீங்களா?"

"ஆமாங்க" என்றான் நண்பன், மூச்சிரைக்க.

"நானும் ஆறரையில இருந்து வெளக்குப் பத்த வெக்கறேன். மூணு குச்சி கிழிச்சேன். மூணையும் காத்து அணைச்சுப் போட்டுருச்சு. என்ன காத்தோ, போ." மருமகள் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துட்டு நிக்கற? வெளக்கு வெக்கறதுக்கு முன்னால குடுக்கறதக் குடுத்தனுப்பு."

நாத்தனார் டம்ளரில் அந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே குமிழி, புளிச்ச கள் வாசம். எங்களோடு வந்தவள் அதை முந்தானைக்குள் வைத்து மூடிப் படியிறங்கியதும் உள்ளே நான்காவது குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஒரே உரசல். விளக்கு எரிந்தது. சுடர் ஊசி மாதிரி நேராக நின்றது.

நான் மாடத்தடியைப் பார்த்தேன். தொழில் புத்தி. மூன்று குச்சிகள் கிடந்தன. காற்று அணைத்த குச்சியில் மருந்துத் தலை மட்டும்தான் கருகியிருக்கும். இவை மூன்றும் விரல் பிடிக்கும் இடம்வரை எரிந்து வளைந்திருந்தன. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் கொளுத்தி, திரிக்குக் கொண்டுபோகாமல், சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், தண்ணீரைப் பார்த்தபடி. காற்றா? ஒரு பொட்டுக் காற்று இல்லாமல் பாதி அணையைத் துடுப்பால் கடந்து வந்தவன் நான். அந்த அணை முழுக்க அந்த நேரம் காற்றே இல்லை.

என் வாய் தானாகத் திறந்தது. நண்பன் என் கால்மேல் ஏறி மிதித்தான்.

அதுவும் தேவையில்லை. எத்தனையோ வருடமாக எத்தனையோ பொய்களைப் பிடித்து எழுதியிருக்கிறேன். ஒன்றின் முன்னாலாவது கைகூப்பியதில்லை. அன்று கூப்பினேன். அந்த அம்மாள் "வெளக்கக் கும்புடறாப்புல இருக்குது, நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட உள்ளே போனார்.

திரும்பும்போதும் காற்று இல்லை. துடுப்புத்தான். கரை சேர்ந்ததும் கழுவிய சட்டியில் அந்த உறையை விட்டு, மாவும் தண்ணீரும் சேர்த்துக் கலக்கினாள். கணவன் வந்திருந்தான், கதையைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான், மீன் முள்ளைப் பார்ப்பது மாதிரி. இருபது ரொட்டிக்கான மாவையும் நானே பிசைகிறேன் என்று கெஞ்சினேன். பாதிக்கு விட்டார்கள். விதை கொஞ்சம், நேரம் கொஞ்சம், சூடு வேண்டும் என்றாள். நண்பன் போய்ப் பாய்மரத்திலிருந்து தார்ப்பாயை அவிழ்த்து வந்தான். டிரம் அடுப்பை ஒட்டி மாவுப் பாத்திரத்தை வைத்து, நான்காக மடித்து மேலே போர்த்தினோம்.

விடிகாலையில் போய்ப் பார்த்தேன். நாமக்கல் தார்ப்பாய், பொதியும் மழையும் பார்த்துத் தடித்த துணி, நடுவில் மேடாகியிருந்தது. உள்ளேயிருந்து ஒன்று அதைத் தூக்கிக்கொண்டிருந்தது. கை வைத்தேன். வெதுவெதுப்பாக, மெத்தென்று. கிளம்பிய அன்று அந்தத் துணியைக் காற்று புடைக்கவைத்தபோது திறந்த வாயை நான் இன்னொரு முறை திறந்தேன். இதற்கும் எஞ்சின் இல்லை. ஒரு டம்ளர் புளிப்பு.

அடுப்பில் வேலிக்காத்தான் எரிந்து தணலானது. தணலை வழித்துவிட்டு சூடு பார்க்க ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசினாள். கருகவில்லை, மெல்லப் பழுத்தது. "செரி" என்றாள். இருபது அச்சும் உள்ளே போயின. வெளியே வந்தபோது இருபதும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. நாங்கள் நான்கு பேரும் குனிந்து காது கொடுத்தோம்.

கணவன் கூடையைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகான மூன்று மணி நேரத்தில் நான் ஒரு டின் முறுக்கைத் தனியாகத் தின்றேன். அவள் வீட்டைக் கூட்டினாள், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். மகள் பள்ளிக்கூடம் போகும்போது எதுவும் கேட்காமல் அம்மாவைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பரிசல் தெரிந்தது. அவன் கையைக் காட்டவில்லை, சிரிக்கவில்லை. நிதானமாகக் கரையில் இழுத்துப் போட்டான். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு துணுக்கு விழவில்லை.

"நாளைக்கு நாப்பது" என்றான்.

அவள் வீட்டுக்குள் போனாள். பிறகு கைப்பேசியில், "இல்லீங்க மொதலாளி, வரலீங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது உதவலாமே என்று எழுந்து மாவுச் சட்டிப் பக்கம் நகர்ந்தேன்.

"அண்ணா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உக்காருங்க!"

கிளம்பும்முன் நண்பன் படகிலிருந்து மஞ்சள் பெயின்ட்டும் தூரிகையும் கொண்டுவந்து, சட்டியின் வெளிப்புறத்தில் லாரி எழுத்தில், பக்கத்துக்கொரு தாமரைப்பூவோடு எழுதினான்: 'கழுவக் கூடாது'. அதே வாசகம் இப்போது ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு டப்பா ஒன்றிலும் இருக்கிறது. உள்ளே அந்த மாவு. ஞாயிறுதோறும் பிசைகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண், தானும் முயன்று பார்ப்பதாகச் சொல்லி, கொஞ்சம் உறை கேட்டு வந்தாள். மணி ஆறே முக்கால். என் மனைவி கையில் தீப்பெட்டி.

"விளக்கு இன்னும் வெக்கலியா?" என்று நான் கேட்டேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். மூடிய சன்னலைப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க, ஒரே காத்து" என்றாள்.